தேடிப் போனவர்கள்

மகள் படிக்கும் கலைக் கல்லூரியின் பொன்விழாவுக்கு அக்காவையும் அழைத்துப் போயிருந்தேன். நிறுவனர் படத்துக்கு மாலை போட அவருடைய மகன் எங்களைக் கடந்து போனார். அதே ஜவ்வாது வாசனை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்று எனக்கு எட்டு வயது. நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த அப்பா, பள்ளிப் படிப்பை முடித்த அக்காவோடு என்னையும் நிறுவனர் வீட்டுக்குக் கூட்டிப் போனார். நிலக்கரித் தூசி ஒட்டும் என்று எங்களைப் படியேற விடவில்லை. வாசலில் நின்றபடியே அப்பா கேட்டார்.

"பொண்ணு பி.ஏ. தமிழ் படிக்கணும்னு சொல்லிக்கினு இருக்குதுங்க."

ஜவ்வாது மணக்க வெளியே வந்த நிறுவனர் சிரித்தார்.

"பர்மனன்ட் ஆளுங்க பிள்ளைங்களுக்கே சீட் பத்தல. கான்ட்ராக்ட்காரன் பொண்ணுக்குத் தமிழ் எதுக்குடா? தையல் கத்துக்கச் சொல்லு."

திரும்பி வரும் வழியெல்லாம் அப்பாதான் அழுதார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் கல்லூரிக்கே போகவில்லை.

"ஏழைப் பெண்களை வீடு வீடாகத் தேடிச் சென்று படிக்க வைத்த வள்ளல்!" மேடையில் கல்லூரி வரலாற்றை வாசித்தார்கள். கைதட்டல் எழுந்தது. ஆத்திரம் தாங்காமல் நான் எழுந்தேன். அக்கா என்னை அழுத்தி உட்கார வைத்தாள்.

"நீ இரு. அன்னைக்கு என்னைத்தானே சொன்னாரு."

நேராக மேடையேறி மைக்கை வாங்கினாள்.

"அவரு எங்களைத் தேடி வரலீங்க. நாங்கதான் போனோம். வாசலோட விரட்டிட்டாரு."