மூன்று சுற்று ராட்டினமும் ஒரு கையெழுத்தும்

எனக்குச் சக்கரம் ஆகாது. பஸ், லோரி, மாட்டுவண்டி, எது உருண்டாலும் வயிறு முதலில் இறங்கிவிடும்; நான் பிறகுதான் இறங்குவேன். எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து கோலா சிலாங்கூர் பட்டணத்துக்கு லோரியில் முக்கால் மணி நேரம். அதற்குள் நான் நான்கு தடவை வாந்தி எடுப்பேன் என்பது லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். நான் ஏறியதுமே மற்ற பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்பக்கம் நகர்ந்துவிடுவார்கள். பின்பலகை ஓரம் முழுக்க எனக்குத்தான். துரை வந்து ஏறியிருந்தால்கூட அவ்வளவு இடம் கிடைத்திருக்காது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஆயாக் கொட்டகையில் வேலை. பால் வெட்டப் போகும் பெண்கள் விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உத்திரத்தில் வரிசையாகப் பதினாறு துணித்தொட்டில்கள் தொங்கும். பதினாறும் பதினாறு திசையில் ஆடும். நிமிர்ந்து பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். தரையைப் பார்த்துக்கொண்டே தொட்டில் ஆட்டிய ஒரே ஆயா இந்த மலாயாவிலேயே நானாகத்தான் இருப்பேன்.

அவசரகாலம் அது. காட்டுக்குள் இருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் சோறு கொடுத்துவிடுவோம் என்று பயந்து, அங்கங்கே கிடந்த லயங்களை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டினால் மறுநாள் காலையில்தான் திறப்பார்கள். எங்கள் தோட்டத்தில் மருத்துவச்சி கிடையாது. அடுத்த தோட்டத்தில் ஒரு அம்மா இருந்தார். என் அக்காவுக்குத் தலைப்பிரசவ வலி கேட்டைப் பூட்டிய பிறகு வந்தது. அத்தான் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். காவலுக்கு இருந்தவரும் நம் ஆள்தான். சாவி தன்னிடம் இல்லை என்று அவரும் சேர்ந்து அழுதார். டிரசர் வந்து வாசலோடு நின்றார். பிரசவம் பார்ப்பது தன் வேலையில்லை என்று சொல்லி, ஒரு புட்டி தண்ணிமருந்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. இன்றைக்கும் அது முழுசாக ஆறவில்லை.

டிரசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்கிறவர். பாதி டாக்டர் என்று நாங்கள் நினைத்தோம். முழு டாக்டர் என்று அவர் நினைத்தார். அவரிடம் மூன்று மருந்து உண்டு. காய்ச்சலுக்கு வெள்ளைத் தூள், புண்ணுக்கு ஊதாத் தண்ணீர், மற்ற எல்லா வியாதிக்கும் திட்டு. கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டையும் சட்டையும் போட்டுக்கொண்டு நடப்பார். உட்கார்ந்தால் மடிப்புக் கலையும் என்று நோயாளிகளை நின்றுகொண்டே பார்ப்பார்.

கோலா குபு பாரு ஆஸ்பத்திரியில் தோட்டத்துப் பெண்களுக்கு மருத்துவச்சி வேலை பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நான் அவர் முன்னால் போய் நின்றேன். விண்ணப்பப் பாரத்தில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒரு கேள்வி, இந்தப் பெண்ணுக்குப் பயணம் தாங்கும் உடம்பா என்பது. அதைப் படித்ததும் டிரசர் சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி வேறு இருந்தார். பார்க்க ஆள் இருந்தால் டிரசருக்குச் சிரிப்பு இரட்டிப்பாகும்.

"லோரியில ஏறினா நாலு தரம் கக்குற. பிரசவத்துக்குக் கூப்புட்டா, வந்து எறங்குற மருத்துவச்சிக்கே ஒரு மருத்துவச்சி வேணும். நான் என்னான்னு எழுதறது?" என்றார்.

கோலா சிலாங்கூரில் ஃபன்பேர் வந்திருந்த நேரம் அது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லோரி போகிறது, நானும் வருகிறேன், சங்கிலியில் நாற்காலி தொங்கும் ராட்டினத்தில் மூன்று தடவை ஏறி, வாந்தி எடுக்காமல் இறங்கிக் காட்டு, கையெழுத்துப் போடுகிறேன் என்றார். கிராணியைச் சிரிக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னார். நான் சரிங்க ஐயா என்றேன். அவருக்குச் சங்கடமாகிவிட்டது. ஆனால் கிராணி முன்னால் சொன்னதைத் திரும்ப விழுங்க முடியாதே.

ஐந்து நாள் இருந்தது. மத்தியானம் தாய்மார்கள் வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனதும், காலியான தொட்டில் ஒன்றில் நானே ஏறி உட்கார்ந்து, கொட்டகையில் மிச்சமிருந்த நாலைந்து வாண்டுகளிடம் முறுக்கிவிடச் சொல்வேன். துணி முறுக்கு அவிழும்போது கிறுகிறுவென்று சுற்றும். அவர்களுக்குப் பரம சந்தோஷம். முதல் நாள் வாந்தி எடுத்தேன், இரண்டாம் நாளும் எடுத்தேன், மூன்றாம் நாள் துணி கிழிந்து கீழே விழுந்தேன். அந்த நேரம் பார்த்து எங்களை வேலை வாங்கும் மண்டோரின் சம்சாரம் எட்டிப் பார்த்துவிட்டார். பொண்ணுக்கு ஏதோ பிடித்திருக்கிறது, மந்திரிக்கச் சொல் என்று என் அம்மாவிடம் போய்ச் சொன்னார். அம்மா மந்திரித்த கயிறு ஒன்றைக் கட்டிவிட்டார். அதற்கும் வயிற்றுக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மருந்தோடு கிளம்பினேன். ஒரு எலுமிச்சம்பழம், விரல் நீளத்துக்கு இஞ்சி, உப்புப் போட்டு உருட்டிய புளி. எல்லாவற்றையும் துணியில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தேன். கேட்டில் பெண்களைத் தடவிப் பார்ப்பதற்கு ஒரு அக்கா இருந்தார். அவர் விரல் நேராக அந்த முடிச்சில் போய் நின்றது. சாப்பாட்டுச் சாமான் எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அரிசி, கருவாடு, டின்பால் எல்லாம் எனக்குத் தெரியும். எலுமிச்சம்பழத்தை நான் சாப்பாடாக நினைக்கவேயில்லை. இது மருந்து அக்கா என்றேன். மருந்தும் காட்டுக்குப் போகக் கூடாது, அதற்குத் தண்டனை இன்னும் அதிகம் என்றார் அவர். ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு காட்டுக்குள் இருப்பவர்கள் சர்க்காரைக் கவிழ்த்துவிடுவார்களா என்று கேட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ஆனால் கையை மட்டும் நீட்டியபடியே வைத்திருந்தார்.

"வேணும்னா இங்கியே தின்னுட்டுப் போ. வயித்துக்குள்ள இருக்குறதுக்கு சட்டம் இல்ல லா," என்றார்.

தின்றேன். எலுமிச்சம்பழத்தைத் தோலோடு கடித்து, இஞ்சியை மென்று, புளி உருண்டையை அப்படியே விழுங்கினேன். கண்ணில் நீர் வழிந்தது. டிரசர் லோரியின் முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கண்ணாடியில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழியில் கம்போங் குவாந்தான் வருவதற்குள் அத்தனை மருந்தும் ரோட்டோரப் புல்லுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இது கணக்கில் சேருமா என்று இறங்கியதும் டிரசரிடம் கேட்டேன். பந்தயம் ராட்டினத்துக்குத்தான், லோரிக்கு இல்லை என்றார். அந்த மட்டுக்கும் அவரிடம் நியாயம் இருந்தது.

ஃபன்பேர் என்றால் ராத்திரியில் கலர் பல்பு எரிய நடப்பது. ஊரடங்கு வந்ததால் அதை உச்சி வெயிலில் நடத்தினார்கள். எரியாத பல்புகள் ராட்டினத்தைச் சுற்றித் தொங்கின. ராட்டின முதலாளியான, பனியன் போட்ட சீனத் தவுக்கேதான் இஞ்சினை ஓட்டினார். பழைய நாளில் அது சாமி ஊர்வலம் மாதிரி அசைந்து அசைந்து சுற்றுமாம். இப்போது தோட்டத்து லோரிகள் நாலரை மணிக்கெல்லாம் கிளம்பிவிடும். அதற்குள் எத்தனை பேரை ஏற்றி இறக்க முடியுமோ அத்தனை பேரை ஏற்றி இறக்க வேண்டும். தவுக்கே யோக்கியமான ஆள். சுற்றில் ஒன்றுகூடக் குறைக்க மாட்டார். வேகத்தைத்தான் கூட்டுவார்.

முதல் தடவை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். மகா முட்டாள்தனம். கண்ணை மூடினால் ராட்டினம் தலைக்குள் போய்ச் சுற்றுகிறது. இறங்கினேன், குனிந்தேன், குமட்டினேன், ஒன்றும் வரவில்லை. லோரியே காலி பண்ணியிருந்த வயிறு. வெறும் குமட்டல் வாந்தியாகுமா என்று டிரசர் கொஞ்ச நேரம் யோசித்தார். தரையில் ஏதும் விழவில்லை என்பதால் விட்டுவிட்டார்.

இரண்டாம் தடவை கண்ணைத் திறந்து, குன்றின் மேல் இருக்கும் கலங்கரை விளக்கத்தையே பார்ப்பது என்று முடிவு செய்தேன். அசையாத பொருளைப் பார்த்தால் மயக்கம் வராது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது அசையவில்லைதான். ஆனால் நான் சுற்றிக்கொண்டிருந்தேனே. கலங்கரை விளக்கம் வந்தது, போனது, வந்தது, போனது. சொன்ன ஆள் மட்டும் அப்போது கையில் கிடைத்திருந்தால்! இறங்கிப் புல்லில் உட்கார்ந்தேன். வாயில் எலுமிச்சம்பழத்தோல் கசந்தது. ஊறிய எச்சிலை விழுங்கினேன், இன்னொரு தடவை விழுங்கினேன். அந்த நிமிஷம் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. இன்னொரு தடவை முடியாது, வாழ்நாள் முழுக்கத் தரையைப் பார்த்துத் தொட்டில் ஆட்டத்தான் போகிறேன் என்று தோன்றியது. அக்காவின் முகம் கண்முன் வந்தது. எழுந்தேன்.

அதற்குள் திடலில் கூட்டம் கரைந்துவிட்டது. டிரசர் இந்த இடைவேளையில் கடைக்குப் போய் ஒரு தட்டு நிறைய, சேமியா மாதிரி இருக்கும் மீ சாப்பிட்டு, ஐஸ் தண்ணீரும் குடித்துவிட்டு வந்தார். ராட்டினத்தில் எனக்கு எதிர்ப்பக்கம் இரண்டு மலாய் இளைஞர்கள் ஏறியிருந்தார்கள். அந்தப் பக்கம் இரண்டு, இந்தப் பக்கம் ஒன்று என்றால் சாயும், இன்னும் ஒரு ஆள் வேண்டும் என்று தவுக்கே மலாயில் சொல்லிவிட்டு டிரசரைக் கையைக் காட்டினார். டிரசர் சுற்றும் முற்றும் பார்த்தார். எங்கள் தோட்டத்துப் பெண்கள் ஒன்பது பேர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு எனக்கு முன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

இஞ்சின் உறுமியது. தவுக்கேவுக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம் போல. இஞ்சின் கம்பியைக் கடைசி வரைக்கும் தள்ளிவிட்டார். எனக்கு முன்னால் டிரசரின் முதுகு. அந்த வெள்ளைச் சட்டையின் காலருக்குக் கீழே கட்டைவிரல் அளவில் ஊதாக்கறை ஒன்று, அவருடைய மருந்துதான். நான் அதைப் பார்த்தேன். திடல், கடைகள், குன்று எல்லாம் குழம்பி ஓடின. கறை மட்டும் அங்கேயே இருந்தது. நான் சுற்ற, அவரும் சுற்ற, எங்கள் இருவருக்கும் நடுவில் எதுவுமே நகரவில்லை. வயிறு அடங்கியது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக உருளும் பொருள் ஒன்றில் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது.

அப்போது காலர் குலுங்கியது. தோள் இரண்டும் மேலே ஏறின. ராட்டினத்தில் முன்னால் இருப்பவர் கக்கினால் அது யாருக்குப் போய்ச் சேரும் என்று எனக்கு யாரும் அதுவரை சொல்லித் தந்ததில்லை. மீயும் ஐஸ் தண்ணீரும் என் நெஞ்சிலும் கழுத்திலும் வந்து அடித்தன. வாயை மூடிக்கொண்டேன். மூச்சை அடக்கிக்கொண்டேன். கறையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் மறுபடி வாந்தி எடுத்தார். அதற்கும் எடுக்கவில்லை.

நின்றதும் டிரசர் இறங்கவில்லை, வழிந்தார். நான்கு காலில் புல்லுக்குப் போய் அங்கேயே குப்புறக் கிடந்தார். நான் நேராக நடந்துபோய் அவர் தலைமாட்டில் நின்றேன். மேலெல்லாம் அவருடைய மீ.

"ஐயா, மூணு," என்றேன்.

திரும்பும்போது அவர் முன் சீட்டில் ஏறவில்லை. பின்பலகை ஓரத்தில், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பெண்கள் எங்கள் இரண்டு பேருக்கும் இடம்விட்டு முன்னால் நகர்ந்துகொண்டார்கள். மறுநாள் காலையில், என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். பயணம் தாங்கும் உடம்பா என்ற கேள்விக்கு, மிக நன்றாகத் தாங்கும் என்று எழுதியிருந்தார். நடந்ததை யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். நான் சொல்லவில்லை. ஒன்பது பெண்கள் பார்த்ததைச் சொல்வதற்கு நான் எதற்கு?

பாரத்தை எடுத்துக்கொண்டு கோலா குபு பாருவுக்குக் கிளம்பினேன். முதலில் லோரி, பிறகு பஸ். கறைத் தந்திரம் ராட்டினத்துக்கு மட்டும்தான் பலிக்கும் என்று பஸ் ஏறி ஐந்து நிமிஷத்தில் தெரிந்தது. பஸ்ஸில் எல்லார் காலரும் குலுங்குகிறது. ரோட்டில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கச் சொல்வார்கள். ஒவ்வொன்றிலும் கக்கினேன். ஒரு மலாய் போலீஸ்காரர் நான் பிள்ளைத்தாய்ச்சி என்று நினைத்து, உட்காரத் தன் நாற்காலியைக் கொடுத்தார். மறுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு குழாய் இருந்தது. என் வயதுப் பெண்கள் மூன்று பேர் அதில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் கையிலும் அதே பாரம். என்னைப் பார்த்ததும் ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"எத்தன தரம்?" என்று கேட்டாள்.

பதினொன்று என்றேன். அவள் ஏழாம். கொஞ்சம் மரியாதையோடு பார்த்தாள். உள்ளே இருந்து ஒரு நர்ஸம்மா எட்டிப் பார்த்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். பாரத்தை வாங்கி, படிக்காமலேயே மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார்.

ஒன்றரை வருஷம் கழித்துத் தோட்டத்துக்கே மருத்துவச்சியாகத் திரும்பினேன். வேலி அப்படியே இருந்தது. ஆறு மணிக்குக் கேட்டையும் பூட்டினார்கள். அக்காவின் இரண்டாவது பிள்ளைக்கு வலி எடுத்ததும் கேட்டைப் பூட்டிய பிறகுதான். அத்தான் இந்தத் தடவை கேட்டுப் பக்கம் போகவேயில்லை, என் வீட்டுக் கதவைத் தட்டினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். எட்டு வீடு தள்ளித்தான் அக்கா வீடு. நடந்தே போனேன்.