அல்டோனாவில் ஒரு மெக்சிக்கன் கடையும் என் அண்ணனும்

கடந்த புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை ஹாலேயிலிருந்து ஹம்பேர்க் போனேன். அங்கே அல்டோனாவில் முப்பது வருடத்துக்கு மேலாக நடக்கும் ஒரு மெக்சிக்கன் உணவகத்தில் என் அண்ணன் சிவநேசன் சமைப்பதாகத் தை மாதம் ஒருவர் சொல்லியிருந்தார். தங்கச்சியின் கலியாணத்தில் வந்த வாய்த்தர்க்கத்துக்குப் பிறகு பத்தொன்பது வருடமாக நாங்கள் பேசுவதில்லை. கேட்ட அன்றே கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். சிவநேசன் என்று இங்கே யாரும் இல்லை என்றாள் ஒரு ஜெர்மன்காரி. அண்ணன்தான் அப்படிச் சொல்லச் சொல்லியிருப்பார் என்று எனக்குப் பட்டது. எனக்கும் ரோசம் இருக்கிறது, விட்டுவிட்டேன். அது ஆற எட்டு மாதம் பிடித்தது.

காலை 8.10 ரயில். பெர்லினில் மாறி மூன்றரை மணி நேரம், முன்பதிவில் 39 யூரோ. ஹம்பேர்க் பிரதான நிலையத்திலிருந்து அல்டோனாவுக்கு எஸ்-பான் நகர ரயிலில் பத்து நிமிடம், பிறகு ஏழு நிமிட நடை. அண்ணனிடம் என்ன சொல்வது என்று மூன்று விதமாக யோசித்துப் பார்த்தேன். மூன்றும் சண்டையில்தான் முடிந்தன.

வாசலில் பிளாஸ்டிக் கள்ளிச்செடி, சுவரெல்லாம் அகலத் தொப்பி. கொக்கோ போட்ட மிளகாய்ச் சாற்றில் கோழி எடுத்தேன், 17.50. வாயில் வைத்தால் எங்கள் வீட்டுக் கறித்தூள் வாசம். அண்ணன் உள்ளேதான் நிற்கிறார் என்று நினைத்தேன்.

சமையலறைக்குள்ளிருந்து ஏப்ரனோடு ஒரு தமிழ் அக்கா வந்தார்.

"உங்கட முகத்தைப் பார்த்திட்டுத்தான் வந்தனான். நீங்கள் கனகரத்தினம் அண்ணையின்ர தம்பியோ?"

இல்லை என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. எண்பதுகளில் அண்ணன் பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியது கனகரத்தினம் என்ற வேறொருவருடைய கடவுச்சீட்டில். அகதி விண்ணப்பமும் அதே பெயரில். எங்கள் ஆட்களில் எத்தனையோ பேருக்கு வீட்டில் ஒரு பெயர், கடதாசியில் ஒரு பெயர். எனக்கே அப்படித்தான். தெரிந்திருந்தும் தொலைபேசியில் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அண்ணன் எங்கே என்றேன்.

"அவர் பங்குனியில காலமாயிட்டார். மாரடைப்பு."

தையிலும் மாசியிலும் ஒருநாள் தவறாமல் வேலைக்கு வந்தாராம். சமையலை இந்த அக்காவுக்குப் பழக்கியதும் அவர்தானாம்.

"ஹாலேயில ஒரு தம்பி இருக்கிறான், ரோசக்காரன், அவனாப் போன் எடுக்கமாட்டான் எண்டு சொல்லுவார்."

நான் தையிலேயே எடுத்திருந்தேன், வீட்டுப் பெயரைக் கேட்டு. அழுகைக்கு முன்னால் வெட்கம்தான் வந்தது. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன். கல்லறையிலும் அந்த மற்றவருடைய பெயர்தான் இருக்கிறதாம். போய்ப் பார்க்க எனக்கு ஏலவில்லை.

போகிறவர்களுக்கு: திங்கள் பூட்டு, மற்ற நாட்களில் பன்னிரண்டுக்குத் திறப்பார்கள், சனிக்கிழமைக்கு மேசை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எங்கள் ஆட்கள் யாரையாவது இந்த நாட்டில் தேடுகிறீர்கள் என்றால் கடதாசிப் பெயரில் கேளுங்கள். இல்லை என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொண்டு வைத்துவிடாதீர்கள், நேரே போய்விடுங்கள். அந்தக் கடையில் தொலைபேசி இருக்கும் இடத்திலிருந்து அடுப்பு எட்டு அடி. வெளியே வருமுன் நடந்து பார்த்தேன்.