இருபத்தைந்து வெள்ளி நோட்டு

1973 ஜனவரி 23, செவ்வாய்க்கிழமை. விடிவதற்கு முன்பே கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றுவிட்டது. நான் வழக்கம்போல் நாலு மணிக்கு எழுந்து முகம் மழித்தேன். வெள்ளைக் கோட்டின் பித்தளைப் பொத்தான்களைத் துடைத்து மாட்டினேன். பிறகு பேன்ட்ரிக்குப் போய்த் தேநீருக்கு வெந்நீர் போட்டேன். பேன்ட்ரி என்பது கேபின்களுக்குத் தேநீரும் சிற்றுண்டியும் போகிற சின்ன அறை. என் கப்பல் வாழ்க்கையில் பாதி அங்கேதான் கழிந்தது.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய பயணிக் கப்பலில் நான் முதல் வகுப்புக் கேபின் பணியாள். ஊர் திரும்பும் நாளில் மற்றவர்களுக்குக் கரையைப் பார்த்ததும் சந்தோஷம் வரும். எனக்குத் தூக்கம்தான் வரும். அன்றைக்கு வேலை இரண்டு மடங்கு. பயணிகளை எழுப்ப வேண்டும், பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டித் தர வேண்டும், விரிப்புகளைச் சலவைக்கு எண்ணி மூட்டை கட்ட வேண்டும், மறந்துபோன செருப்பையும் தைல பாட்டிலையும் தேடித் தர வேண்டும். மேல்தளத்தில் நின்றால் ராயபுரம் மாதா கோயிலின் கோபுரம் மங்கலாகத் தெரியும். என் வீடு அதற்குப் பின்தெரு. அன்று மேலே போய்ப் பார்க்கக்கூட முடியவில்லை.

கேபின்களுக்கு நடுவே போகும் ஒவ்வொரு நடைக்கும் இரண்டு பணியாட்கள். என் ஜோடி தண்டையார்பேட்டைக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்த பாய். ஆறு மாதம் கரையில் வேலை இல்லாமல் காத்திருந்து, இந்தக் கப்பலில் இடம் பிடித்தவர். நான் டைரி எழுதுவதால் என்னை "ரைட்டரு" என்றுதான் கூப்பிடுவார். அவர் கூப்பிட்டு மற்றவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

கப்பலில் இனாமுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பயணி கொடுப்பதைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. மடித்த நோட்டை மடித்தபடியே வாங்கி, சலாம் வைத்து, நேரே பேன்ட்ரிக்குப் போய், அலமாரி மேல் இருக்கும் பிஸ்கட் டின்னில் போட்டுவிட வேண்டும். சென்னையில் பயணிகள் இறங்கிய பிறகு, எங்களுக்கெல்லாம் தலைவரான ஹெட் பட்லர் எல்லோர் முன்னாலும் டின்னைத் திறந்து சமமாகப் பங்கு போடுவார். வெள்ளி நோட்டுகளை, அதாவது சிங்கப்பூர் டாலரை, அவர் வைத்துக்கொண்டு, ஈடான ரூபாயைத் தன் கையிலிருந்து தருவார். அடுத்த பயணத்தில் சிங்கப்பூரில் அவற்றை மாற்றிக்கொள்வார். பணக்காரக் கேபின் வாய்த்தவனுக்கும் கஞ்சன் கேபின் வாய்த்தவனுக்கும் ஒரே பங்கு. இன்னொரு விதியும் உண்டு. கொடுத்த இனாமைப் பற்றிப் பயணியிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. கேட்டவனைப் பிச்சைக்காரன் என்றுதான் சொல்வார்கள்.

அந்தப் பயணத்தில் எங்கள் நடையின் கோடிக் கேபினில் சிங்கப்பூர் மளிகை வியாபாரியும் அவர் மனைவியும் வந்தார்கள். முந்தின வருடமும் வந்தவர்கள். அந்த அம்மா இனாமைச் சும்மா கையில் தர மாட்டார். அவர்கள் ஊர்ச் சீனர்கள் புது வருடத்துக்குப் பணம் வைத்துத் தரும் சிவப்புக் காகித உறையில் போட்டுத் தருவார். முந்தின வருடம் அந்த உறையில் ஐம்பது வெள்ளி இருந்தது, எல்லோருக்கும் நினைவிருந்தது. இந்த முறை உறையை வாங்கியவர் என் ஜோடி. வாங்கியதை நான் பார்த்தேன். அப்போது என் கையில் தேநீர்த் தட்டு. அவர் பேன்ட்ரிப் பக்கம் போனார், நான் எதிர்ப்பக்கம் போனேன்.

பத்தரை மணிக்குப் பயணிகள் எல்லோரும் இறங்கிக் கஸ்டம்ஸ் கொட்டகைக்குப் போய்விட்டார்கள். பேன்ட்ரியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். பட்லர் டின்னைக் கவிழ்த்தார். சிவப்பு உறை தனியாகத் தெரிந்தது. அதைத்தான் முதலில் எடுத்தார். உள்ளே ஒரே ஒரு நோட்டு. விரித்துப் பார்த்தவர் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"இன்னாய்யா இது? இருபத்தஞ்சு வெள்ளியாம்!"

"குடு பாக்கலாம்" என்று சமையற்கட்டு ஆள் எட்டிப் பார்த்தார். "அட, ஆமா. இருபத்தஞ்சு. நம்ம ஊர்ல பதினேழு ரூபா நோட்டு அடிக்கறப்போ அவங்களும் இத அடிப்பாங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். பட்லர் சிரிக்கவில்லை.

"இருபது வருசமா போய் வந்துகினு கீறேன். அஞ்சு கீது, பத்து கீது, அம்பது கீது. இருபத்தஞ்சுன்னு ஒண்ணு எங்க கீது? எவனோ பொம்மை நோட்டு அடிச்சுகீறான்."

நானும் அப்படி ஒரு நோட்டைக் கண்டதில்லை. மற்ற சிங்கப்பூர் நோட்டுகளில் இருப்பது போலவே அதிலும் பூப்படம் இருந்தது. அது சந்தேகத்தைக் குறைக்கவில்லை. பார்த்து அப்படியே வரைந்திருக்கிறான் பார் என்றுதான் பேசிக்கொண்டார்கள். இத்தனை வருடம் சிங்கப்பூர் போய்வந்தும் எங்களுக்கு அந்த ஊரில் தெரிந்தது கப்பல்துறை வாசலும் அதை ஒட்டிய இரண்டு கடைகளும்தான். கரையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் எவனை விட்டார்கள்?

"ஒறைய வாங்கினது யாரு?" என்றார் பட்லர்.

"நான்தான் அண்ணாத்தே" என்றார் என் ஜோடி. "பிரிச்சே பாக்கல. வாங்கின கையோட டின்னுல போட்டுட்டேன்."

"அந்தம்மா அம்பதுக்குக் கொறஞ்சு குடுக்கறவங்க இல்ல. ஒறை ஒட்டாம கீது. உள்ள கீறது டூப்பு. நீயே சொல்லு, நான் இன்னான்னு நெனைக்க?"

"அல்லா மேல ஆணையா..."

"ஆணையெல்லாம் அப்பாலே வை. ரைட்டரே, நீ பாத்தியா?"

"உறையை வாங்கினதைப் பாத்தேன்" என்றேன். "டின்னுல போட்டதைப் பாக்கல. ஆனா இந்த ஆளு அப்படிச் செய்ய மாட்டாரு."

"பாத்தத கேட்டேன், சர்ட்டிபிகேட்டு கேக்கல."

நடந்ததை நடந்தபடி சொல்வதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அன்று அதனால் என் ஜோடிக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

விஷயம் ஒரு நோட்டோடு நிற்கவில்லை. அந்தப் பயணத்தோடு எங்கள் ஒப்பந்தம் முடிந்தது. மறுநாள் காலை ஷிப்பிங் ஆபீஸில் புது ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து. யார் யாரைத் திரும்ப எடுக்கலாம் என்று பட்லர் சொல்கிற பெயர்கள்தான் அங்கே போகும். டின்னில் கைவைத்தவன் என்று பெயர் வாங்கியவனை எந்தக் கப்பலின் பட்லரும் சேர்க்க மாட்டார். மீண்டும் ஆறு மாதமோ ஒரு வருடமோ கரையில் உட்கார வேண்டியதுதான். அவருடைய வீட்டு நிலவரம் எனக்குத் தெரியும். சென்ற முறை காத்திருந்தபோது அவர் மனைவி புளியந்தோப்புவரை போய் வீட்டுவேலை பார்த்தார்.

கப்பலின் பணக்கணக்கு அதிகாரியான பர்சரைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். ஆனால் பிஸ்கட் டின் அதிகாரிகளுக்குத் தெரியாமல் நடக்கிற காரியம். வெள்ளி நோட்டுகளை நாங்கள் வைத்திருப்பதே சட்டப்படி தப்பு. அதனால் அந்த வழி இல்லை. மீதி இருந்தது ஒரே வழி. விரிப்பு மூட்டையை இறக்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன்.

கொட்டகையில் வெயிலும் கூட்டமும். அந்த அம்மாவும் அவர் கணவரும் சோதனைக்குக் காத்துத் தங்கள் டிரங்குப் பெட்டிகள் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர் கண்ணை மூடியிருந்தார். அந்த அம்மா விசிறிக்கொண்டிருந்தார். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வந்தும் ஒன்றும் தேறவில்லை.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. காலையில நீங்க குடுத்த உறை..."

"ஆமா தம்பி, அந்த பாய்கிட்டதான் குடுத்தேன். வந்து சேரலையா?"

"சேந்துச்சும்மா. அதுல இருந்த நோட்டு..."

அவர் முகம் மாறியது. விசிறி நின்றது.

"புது நோட்டுப்பா. இருபத்தஞ்சு வெள்ளி. எங்க ஊர்ல இப்பதான் அடிச்சு விட்டிருக்காங்க. புதுசா இருக்கட்டும்னு ஒங்களுக்காகவே பேங்குல கேட்டு வாங்கி வச்சேன்." குரலைத் தாழ்த்தினார். "போன தடவை மகன், மருமக, பேரப்பிள்ளைன்னு அஞ்சு பேரு வந்தோம். இப்ப நானும் இவருந்தானே. கொறச்சலாப் போச்சா?"

"ஐயோ, அது இல்லம்மா."

அதற்குள் கைப்பையைத் திறந்துவிட்டார். அதே போன்ற இன்னொரு நோட்டு, மடிப்புக் கலையாதது, அவர் விரல்களுக்கு நடுவே வெளியே வந்தது. அதே நிறம், அதே பூ, அதே இருபத்தைந்து. அதை வாங்கிக் கொண்டுபோய் பட்லர் முன்னால் விரித்திருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும். ஆனால் இரண்டு பெட்டி தள்ளி நின்ற கஸ்டம்ஸ்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வைங்கம்மா, தயவுசெஞ்சு உள்ள வைங்க" என்றேன்.

"யாருய்யா அது, கப்பல் ஆளா?" என்றார் அவர். "இங்க என்ன வேலை உனக்கு?"

"செருப்பு விட்டுட்டாங்க சார். கேக்க வந்தேன்."

"செருப்பு கால்லதானே இருக்கு."

அந்த அம்மா நோட்டை உள்ளே வைத்துப் பையை மூடினார். அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை. கணவர் கண்ணைத் திறந்து, என்ன என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, போதலையாம்" என்றார். நான் கப்பலை நோக்கி நடந்தேன். பதினாறு வருட வேலையில் அந்த வார்த்தையை என்னை வைத்து ஒருவரும் சொன்னதில்லை.

திரும்பி வந்தபோது பேன்ட்ரி பாதி காலியாக இருந்தது. பங்கு முடிந்து, பலர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணி இறங்கிப் போய்விட்டார்கள். என் பங்கு தட்டின் அடியில் மடித்து வைத்திருந்தது. என் ஜோடி தரையில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"அது நல்ல நோட்டு" என்றேன் பட்லரிடம். "அந்த அம்மாவே சொன்னாங்க. புதுசா வந்திருக்காம். இன்னொண்ணு அவங்க கையில இருக்கு, என் கண்ணால பாத்தேன். எடுங்க அந்த நோட்டை."

பட்லர் என்னைப் பார்த்துவிட்டு வட்ட ஜன்னலைப் பார்த்தார்.

"கிழிச்சுக் கடல்ல போட்டாச்சு. சோதனைக்காரன் வர்ற நேரம். டூப்பு நோட்டு மாட்டினா எல்லாருக்கும் பேஜாரு."

"சரி, பணம் போனது போகட்டும். இவர் எடுக்கலன்னு ஆச்சுல்ல?"

"அவனே ஒத்துக்கினானே. அம்பது வெள்ளிக்கு ஈடா அவன் பங்குல கழிச்சு எல்லாருக்கும் குடுத்தாச்சு. ஒத்துக்கினா நாளைக்கு லிஸ்டுல பேரு போடறேன்னு நானும் சொல்லிட்டேன். முடிஞ்சுபோன கதய ஏன் கிளர்றே?"

நான் என் ஜோடியைப் பார்த்தேன். அவர் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

"ஒத்துக்கிட்டியா?"

"ஆமா."

பட்லர் கெட்டவர் இல்லை. நல்ல நோட்டைத் தன் கையாலேயே கிழித்துப் போட்டது இருபது பேருக்குத் தெரிவது அவருக்கு வேண்டாம், அவ்வளவுதான். பயணியிடம் இனாமைப் பற்றிக் கேட்டவன் என்று என்னைக் காட்டி, என் வாயை அடைக்கவும் அவரால் முடியும். அதையும் மெதுவாகச் சொன்னார். "கொட்டாயில போயி அந்தம்மாகிட்ட கேட்டுட்டு வந்துகீறே ரைட்டரே. வெளிய தெரிஞ்சா உம் பேரு இன்னாவும்?"

நானும் என் ஜோடியும் துறைமுக வாசலில் பைகளைத் திறந்து காட்டிவிட்டு, ராயபுரம் வரை நடந்தே போனோம். பஸ்ஸில் ஏற இருவருக்கும் மனம் இல்லை. லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின.

"ஏன் ஒத்துக்கிட்ட?" என்று கேட்டேன்.

"நீ போனப்பறம் ஆளாளுக்கு ஒரு கேள்வி. எவ்ளோ நேரம்தான் இல்ல இல்லன்னு சொல்லிகினே இருப்பே? வாய் வலிச்சுப் போச்சுபா. நாளைக்குப் பேரு இருந்தா போதும்னு ஆமான்னுட்டேன்."

"திருடன்னு பேரு நிக்குமே."

"நிக்கட்டும். நிக்கற பேருக்குச் சோறு போட வேணாம், வூட்ல கீறவங்களுக்குப் போடணும்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "இதெல்லாம் உன் டைரில எழுதிடாதே, ரைட்டரே" என்றார். சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. அங்கிருந்து அவர் தண்டையார்பேட்டைக்குத் தனியாகப் போனார்.

வீட்டில் குளித்தேன், சாப்பிட்டேன். மனைவி கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். சாயங்காலமே படுத்துவிட்டேன். உடம்புக்குக் கப்பலின் ஆட்டம் இன்னும் தீரவில்லை. படுத்தபடி ஒன்றை யோசித்தேன். கடலில் போன நோட்டு திரும்பாது. பட்லரும் சொல்ல மாட்டார். இன்னொரு நோட்டைக் கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன்தான். அதை நான் எல்லோரிடமும் சொன்னால் பட்டியலில் என் பெயர் இல்லாமல் போகலாம். பயணியிடம் கையேந்தியவன் என்கிற பேச்சும் கூடவே வரும்.

மறுநாள் புதன்கிழமை. எழுந்ததும் முதல் வேலையாக, காப்பிகூடக் குடிக்காமல், ஷிப்பிங் ஆபீஸுக்குப் போய் இன்னும் திறக்காத கதவுக்கு வெளியே நின்றேன். முதலில் வந்தவர் சமையற்கட்டு ஆள். பீடியைப் பற்றவைக்கப் போனவரை நிறுத்தி, நான் கொட்டகைக்குப் போனதிலிருந்து ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னேன்.