ஜெபமணிகளைத் தேடி வந்தவர்

டீச்சர் முதன்முதலில் எங்கள் நூலகத்துக்கு வந்த நாளில், வருகைப் பதிவில் தன் பெயரை 'ஜெபமணி' என்று எழுதினார். என்ன தேடி வந்திருக்கிறீர்கள் என்ற அடுத்த கட்டத்திலும் 'ஜெபமணி' என்றே எழுதினார். பாளையங்கோட்டையில் ஒரு பழைய கல்லூரி நூலகத்தின் பின்கட்டில், செல்லரித்தது போக மிச்சமிருந்த பழைய திருச்சபைப் பதிவேடுகளையும் பத்திரிகைத் தொகுப்புகளையும் நான் பார்த்துக்கொண்டிருந்த காலம். வாசலில் குடையை மடக்கி உதறிவிட்டு நின்றவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் என்பது சேலை மடிப்பிலேயே தெரிந்தது. "டீச்சர், உங்களையேவா தேடுதீங்க?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. அவர் கோபப்படவில்லை. "என்னைத் தவிர மத்தவங்களத் தேடுதேன், பிள்ள" என்றார்.

பாளையங்கோட்டையில் ஜெபமணியைத் தேடுவது தாமிரபரணியில் மணலைத் தேடுவது போல என்று அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கு மணல்கூடக் கிடைக்காது, ஜெபமணிகள் கிடைப்பார்கள். ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். தெருவுக்கு ஒருவர், வகுப்புக்கு இருவர். இதில் யாரைத் தேட?

டீச்சர், பெற்றோர் யாரென்று தெரியாமல் ஒரு பெண்பிள்ளைகள் விடுதியில் வளர்ந்தவர். அந்த விடுதியில் ஒரு வழக்கம் இருந்தது. எங்கோ கடல்தாண்டி ஒரு சபையார், விடுதியில் ஒரு பிள்ளையை வளர்க்கும் பொறுப்பை ஏற்று, அவளுக்கு ஒரு பெயரையும் சொல்லி அனுப்புவார்கள். அந்தப் பிள்ளை படித்து வேலைக்குப் போனாலும், கட்டிக்கொண்டு போனாலும், செத்தே போனாலும், அந்தப் பெயர் விடுதியிலேயே இருக்கும். அடுத்து வருகிற குழந்தைக்கு அதை வைப்பார்கள். முந்தினவள் படுத்த கட்டிலும் அவளுடைய தகரப்பெட்டியும் சேர்ந்து வரும். டீச்சருக்கு முன்னால் ஜெபமணிகள் இருந்தார்கள். டீச்சர் போனபின் ஒரு ஜெபமணி வந்திருக்க வேண்டும். அவர்களைத்தான் தேடினார். பெற்றவர்களைத் தேடவில்லையா என்று கேட்டதற்கு, "என்னை வேண்டாம்னு வச்சவங்களத் தேடி என்ன செய்ய?" என்றதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எனக்கு இது முதலில் வேடிக்கையாக இருந்தது. நான் சீவலப்பேரிப் பக்கம். எங்கள் குடும்பத்தில் குலசாமி பெயரை வைத்து வைத்து, வெள்ளை இசக்கி, கட்டை இசக்கி, பம்பாய் இசக்கி என்று அடைமொழி இல்லாமல் ஒருத்தியைக் கூப்பிட முடியாது. நான் வாயாடி இசக்கி. கோயில் கொடை விழாவில் யாராவது "ஏ இசக்கி" என்றால் பாதிப் பந்தல் திரும்பும். ஒரே பெயரால் படுகிற இம்சையை நான் சொல்லச் சொல்ல, டீச்சர் சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு, "உனக்கு ரத்தத்தில வந்த பேரு. எனக்குக் கட்டில்ல வந்த பேரு. ஆனா எனக்கும் அது ஒண்ணுதான் சொந்தம்" என்றார். அதற்குப்பிறகு நான் கேலி செய்யவில்லை.

வாரம் தவறாமல் வந்தார். ஞானஸ்நானப் பதிவுகள், திருமணப் பதிவுகள், நூல் பிரிந்த பள்ளி மலர்கள் எல்லாவற்றையும் புரட்டினோம். அந்துருண்டை வாசத்தில் எனக்குத் தும்மல் வரும், அவருக்கு வராது. ஆண் ஜெபமணிகள் குறுக்கே வந்தால், "தள்ளுங்க தம்பி, நீங்க இல்ல" என்று பக்கத்தைத் திருப்புவார். தனக்கு முந்தின ஜெபமணி பிரசவம் பார்க்கப் படித்து நாசரேத் பக்கம் போய் அங்கேயே காலமானவள் என்று தெரிந்தது. அவளுக்கும் முந்தினவள் பாவாடை வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். டீச்சர் முந்தினவளை அக்கா என்றும் இவளைப் பெரியக்கா என்றும் சொல்வார். பெரியக்காவுக்குத் தன்னைவிட வயது குறைவு என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. பெரியக்கா செத்த பதிவைப் பார்த்த அன்று மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். சாவு வீட்டில் துட்டி கேட்டு வந்தவள்போல நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் அவர் மனம் முழுக்கத் தங்கச்சி மேல்தான். அக்காமார் போய்விட்டார்கள், தங்கச்சி உயிரோடு இருப்பாள் அல்லவா. கிறிஸ்தவக் கல்யாணம் என்றால் முன்கூட்டியே மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்து அறிவிப்பார்கள். அப்படி வாசித்த ஓலைகளின் கட்டு ஒன்றில், அந்த விடுதியில் வளர்ந்த ஜெபமணிக்கும் விக்கிரமசிங்கபுரத்து மில் தொழிலாளி ஒருவருக்கும் கல்யாணம் என்று இருந்தது. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் அந்த வழியாகப் போகும் பாபநாசம் பஸ்ஸில் ஏறினோம். தங்கச்சிக்கு என்று ஒரு கைத்தறிச் சேலை வாங்கி மடியில் வைத்திருந்தார்.

வீட்டைக் கண்டுபிடிக்கத்தான் பாடுபட்டோம். ஜெபமணி என்றால் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒருத்தர், "நம்ம செல்வி அக்காவா?" என்று கூட்டிக்கொண்டு போனார். நல்ல கலகலப்பான மனுஷி. பேரப்பிள்ளைகள் இடுப்பிலும் முதுகிலும். நாங்கள் வந்த விஷயத்தைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். "எங்க மாமியா பேரும் ஜெபமணி, டீச்சர். மாமியாரப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி ஆயிரும்லா? கல்யாணத்தன்னைக்கே செல்வின்னு மாத்திட்டாங்க. எனக்கும் விட்டுது சனியன்னு இருந்துச்சு." பிறகு காப்பியை ஆற்றிக்கொண்டே, துளி வஞ்சகம் இல்லாமல் சொன்னார்: "விடுதில உங்க பேரச் சொல்லிச் சொல்லித்தான் என்னை அடிப்பாங்க. முந்தின ஜெபமணி கணக்குல நூத்துக்கு நூறு, நீ ஏன் இப்படி இருக்கன்னு. உங்களை ஒரு தடவையாவது பாத்து நாலு கேள்வி கேக்கணும்னு இருந்தேன். இப்ப பாத்தா பாவமால்லா இருக்கீங்க!"

எல்லோரும் சிரித்தோம். டீச்சரும் சிரித்தார். சேலையைக் கொடுத்தார், பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஜெபம் செய்தார். திரும்பும் பஸ்ஸில் அம்பாசமுத்திரம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார். பிறகு, "நான் நல்லாப் படிச்சதுக்கு ஒரு பிள்ள அடி வாங்கியிருக்கு. எனக்குத் தெரியாமலே போச்சு பாத்தியா" என்றார். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அதற்குப்பிறகு அவர் நூலகத்துக்கு வரவில்லை. போய்க் கேட்டால், "போதும் பிள்ள, கிடைச்ச வரைக்கும் போதும்" என்பார். என்ன போதும்? இத்தனை வருஷம் மனதுக்குள் ஒரு தங்கச்சியை வளர்த்துவிட்டு, அவளுக்குத் தான் ஒரு பிரம்பாக இருந்தோம் என்று தெரிந்துகொண்டால் யாருக்குத்தான் போதாது?

இப்போது நானும் ஓய்வுபெற்றுவிட்டேன். அந்தப் பழைய பத்திரிகைகளில் பாதி கணினியில் ஏறிவிட்டன. வீட்டிலிருந்தே பெயரைத் தட்டினால் ஜெபமணிகள் திரை நிறைய வருகிறார்கள். உருளைக்கிழங்குப் பந்தயத்தில் பரிசு வாங்கியவர், கோயிலுக்கு விளக்கு கொடுத்தவர், பிரிவுபசார விழாவில் பாடியவர். பார்த்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கும். சொல்ல ஆளில்லை. எங்கள் வீட்டு இசக்கிகளும் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள்.

டீச்சர் போனது ஒரு ஐப்பசி மழையில். குருவானவர் அடக்கத்துக்கு ஏற்பாடு செய்தார். போஸ்டர் அடிக்கும் வேலை என்னிடம் வந்தது. அச்சகத்து அண்ணாச்சி, "யக்கா, கீழ யார் யார் பேரு போட? மகன், மருமக, பேரப்பிள்ளைய?" என்று கேட்டார். யாருமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு விக்கிரமசிங்கபுரத்துக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். செல்வி அழுதார். போஸ்டரைப் பற்றியும் சொன்னேன்.

"என் பேரைப் போடுங்கக்கா."

"செல்வின்னு போடட்டா?"

"இல்லக்கா. ஜெபமணின்னு போடுங்க. தங்கச்சின்னு போடுங்க."

அச்சகத்து அண்ணாச்சி அரைமணியில் போன் செய்தார். "யக்கா, தப்பு இருக்கு. செத்தவங்க பேரே கீழயும் வருது" என்றார். தப்பில்லை, அப்படியே அடியுங்கள் என்றேன். மழையோடு மழையாகத் தெரு முழுக்க ஒட்டினார்கள். மேலே ஜெபமணி, கீழே தங்கை ஜெபமணி. டீச்சர் ஒருத்தர்தான் அதைப் பார்க்கவில்லை.