அண்ணன் சுற்றிய தோல்

என் பிறந்தநாளை எங்கள் வீட்டில் ஒரு வருஷம் எல்லோரும் சேர்ந்து மறந்துபோயிருக்கிறார்கள். அண்ணன் சைக்கிளுக்கு எண்ணெய் போடும் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் யாரும் மறந்ததில்லை. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வீட்டுக்கு முன்னால் சந்தில் ஒரு சாக்கை விரித்து சைக்கிளோடு உட்கார்ந்துவிடுவான். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் விளக்கெண்ணெயும் பழைய பனியன் துணியும் இருக்கும். அந்த நேரத்தில் அவனைக் கடைக்கு அனுப்ப அப்பாவாலேயே முடியாது.

அண்ணன் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். முதல் வருஷச் சம்பாத்தியத்தில் வாங்கியது அந்தப் பழைய ரேஸ் சைக்கிள். ஹேண்டில்பார் ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி முன்னால் போய்க் கீழே வளைந்திருக்கும். ரேஸ் சைக்கிளுக்கு யாரும் பெரிய ஸ்டாண்டு மாட்டமாட்டார்கள். இவன் மாட்டினான். சுவரில் சாய்த்தால் ஹேண்டில்பார் உரசிவிடுமாம். தெருப் பையன்கள் சிரித்தபோது, கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தான்.

வாங்கும்போது ஹேண்டில்பாரில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் டேப் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணனுடைய தோஸ்து ஒருவன் மாதவரத்தில் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்தான். மிச்சம் விழுந்த தோலில் நீளமாக இரண்டு வார் வெட்டி எடுத்துக்கொண்டு வந்தான். நல்ல தேன் நிறம். அண்ணன் அதை மூக்கில் வைத்து முகர்ந்துகொண்டே இருந்ததைப் பார்த்த அம்மா, "அதையே கட்டிக்கோடா, பொண்ணு பாக்கற செலவு மிச்சம்" என்றாள்.

வாரின் ஓரங்களைத் தோஸ்து முன்பே கத்தியால் சீவி மெல்லிசாக்கியிருந்தான். இல்லாவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் மேடு தட்டும். அண்ணன் அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு, துணியில் ஒற்றி எடுத்து, கொம்பின் நுனியிலிருந்து சுற்ற ஆரம்பித்தான். ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் பாதியை மூட வேண்டும். இழுப்பு தளரவே கூடாது. வாரின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டே கூடவே நகர்கிற வேலை எனக்கு. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. மூக்கு அரித்தாலும் சொறியக் கூடாது என்று உத்தரவு. "உட்டேன்னு வய்யி, இஸ்கூலுக்கு நடந்துதான் போவே" என்று மிரட்டினான். அதுவரை நான் நடந்துதான் போய்க்கொண்டிருந்தேன் என்பது இருவருக்குமே தோன்றவில்லை.

சுற்றி முடித்து, நடுவில் நூலால் இறுக்கிக் கட்டி, நிழலில் காயவிட்டான். காய்ந்த தோல் இரும்போடு இரும்பாக ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் வீட்டில் புதுச் சட்டங்கள் வந்தன. வெயிலில் நிறுத்தக் கூடாது. ஈரக் கையால் தொடக் கூடாது. எண்ணெய் சொட்டு அளவுதான், போட்டதே தெரியாதபடி துடைத்துவிட வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம், அம்மா கிட்டேயே வரக் கூடாது. அம்மா துறைமுகத்தில் மீன் எடுத்துக் காலடிப்பேட்டையில் கூடை வைத்து விற்பவள். எந்தச் சோப்புக்கும் அடங்காத கை அவளுடையது. "யம்மா, கைய வெக்காத. ஊர்ப் பூனையெல்லாம் என் பின்னாடி வரும்" என்பான். அம்மா சிரித்தபடி கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வாள்.

ஓட்ட ஓட்ட, அவன் பிடிக்கிற இடம் இரண்டும் கறுத்துக்கொண்டு வந்தன. நான் அழுக்கு என்று நினைத்தேன். தோஸ்துதான், அது அழுக்கில்லை, ஓட்டுகிறவன் கையைத் தோல் வாங்கி வைத்துக்கொள்கிறது என்று சொன்னான். வளைவுக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு பக்கமும் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு அந்தக் கறுப்பு இருந்தது.

கடலுக்குப் போகிற நாட்களில் சைக்கிளைத் துறைமுகத்தில் அப்பா வேலை செய்யும் ஐஸ் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு நிறுத்திவிட்டுப் போவான். அப்பா அங்கே ஐஸ் உடைத்துப் படகுகளுக்கு ஏற்றுகிறவர். அந்த ஒரு நாள் மட்டும் சைக்கிள் வீட்டிலேயே நின்றது. காலையிலிருந்து தூறிக்கொண்டிருந்தது. "தோலுக்கு மழ ஆவாது. வூட்லயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போனான். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். போகிற போக்கில் என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனான்.

அந்தப் படகு திரும்பி வரவில்லை. கூடப் போன மற்றப் படகுகள் காற்றுக்குப் பயந்து பாதியில் திரும்பி வந்தன. தேடப் போனார்கள். ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. தோலுக்கு மழை ஆகாது என்று யோசித்தவன் தனக்காக யோசிக்கவில்லையே என்று அப்பா ஒரு முறை சொன்னார். அம்மா அவரைப் பார்த்த பார்வைக்கு அப்புறம் அவர் அதைத் திரும்பச் சொன்னதில்லை.

எப்போதோ ஒரு படகு காற்றில் அடித்துக்கொண்டு போய்ப் பர்மாப் பக்கம் கரையேறி, ஆட்கள் பல மாதம் கழித்து வந்து சேர்ந்த கதை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அம்மா அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டாள். தினமும் அண்ணன் நம்பருக்குப் போன் போடுவாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் சொல்லும். எல்லைக்கு வெளியே என்றால் எங்கேயோ இருக்கிறான் என்றுதானே அர்த்தம் என்று அம்மா அப்பாவைக் கேட்பாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மழைக்காலம் முடிவதற்குள் ஹேண்டில்பாரில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிட்டது. அதுவும் சரியாக அந்தக் கறுப்பின் மேல். அம்மா அதைப் பார்த்ததும் கூடையைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு, தோஸ்தை வரச் சொல்லிப் போன் செய்தாள். அவன் வந்து உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் போட்டு, கறுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று காட்டினான்.

"சும்மா நிறுத்தி வச்சா இப்டிதாம்மா ஆவும். இன்னும் கொஞ்ச நாள்ல வெடிச்சி உதிரும். தோலுன்னா டெய்லி கை படணும்."

"இன்னா கை?"

"எதுனா ஒரு கை. காஞ்ச கையா இருந்தா சரி."

அம்மா தன் கைகளைப் பார்த்தாள். அப்பாவின் கைகள் பகல் முழுக்க ஐஸில் ஊறுகிறவை. வீட்டில் மிச்சம் இருந்த காய்ந்த கை என்னுடையதுதான்.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு அந்த வேலை. சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். துடைத்துவிட்டு அம்மாவிடம் இரண்டு பக்கமும் திருப்பிக் காட்ட வேண்டும். அவள் தலையாட்டினால் ஸ்டாண்டு போட்டு நிற்கும் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "அவன் வச்ச எடத்துலயே வய்யி. அங்க இங்க வெக்காத" என்பாள். என் கை அந்தக் கறுப்புக்குள் முழுசாக அடங்கிப் போகும். அவள் எதிரே உட்கார்ந்து கூடையைக் கழுவிக்கொண்டே என் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

எனக்கோ கொண்டாட்டம். அம்மா எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறாள், முதல் பாடம் உட்காருவது, அடுத்த பாடம் ஓட்டுவது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். பெடல் எட்டாது. காலைக் காற்றில் ஆட்டிக்கொண்டே திருவொற்றியூர் தாண்டி, எண்ணூர் வரைக்கும் போய் வருவேன். எதிர்வீட்டுப் பையன் தினமும் வந்து எந்த ஊர் வந்திருக்கிறது என்று விசாரிப்பான். எண்ணூர் என்றால், "போய் சேந்ததும் போன் போடு" என்று சொல்லிவிட்டுத் தன் சைக்கிளில் நிஜமாகவே போய்விடுவான். அவனிடம் கெஞ்சி அவன் சைக்கிளில் குரங்குப் பெடல் போடக் கற்றுக்கொண்டேன். எங்கள் சைக்கிள் மட்டும் ஸ்டாண்டை விட்டு இறங்கவே இல்லை.

சீட்டை இறக்கினால் கால் எட்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அம்மா குறுக்கே வந்து நின்றாள். "அவன் வந்து பாத்தா, எவன் என் சீட்ட எறக்குனதுன்னு கேக்க மாட்டான்?" என்றாள். ஸ்பேனர் பெட்டிக்குள் போய்விட்டது. நான் அழுது பார்த்தேன். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் நடக்கவில்லை.

அடுத்த நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தபோது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பெரிய சண்டை. எங்கள் கோயிலில் அன்றைய பூசையில் இறந்துபோனவர்களின் பெயர்களைச் சொல்லி ஜெபிப்பார்கள். அண்ணன் பெயரையும் கொடுத்துவிடலாம், அவன் ஆன்மாவுக்காவது ஒரு ஜெபம் வேண்டாமா என்று அப்பா கேட்டார். "உசுரோட கீறவனுக்கு இன்னாத்துக்கு அந்தப் பூச?" என்று அம்மா கத்தினாள். அப்பா தனியாகக் கல்லறைக்குப் போய்த் தன் அப்பாவின் குழிக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார். அம்மா அன்றைக்கும் என் கையைச் சோதித்து என்னைச் சைக்கிளில் உட்கார வைத்தாள்.

இன்னொரு வருஷம் ஓடியது. எனக்குக் கால் கொஞ்சம் நீண்டு, கட்டைவிரல் நுனி பெடலைத் தொட ஆரம்பித்தது. அடுத்த கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தோஸ்து வந்தான். அவ்வப்போது வந்து தோலைப் பார்த்துவிட்டுப் போவது அவன் வழக்கம். நான் சைக்கிள் மேல் இருந்தேன். என் கையை நகர்த்தச் சொல்லிவிட்டு விரலால் தடவிப் பார்த்தான். அவனுக்கு ரொம்பத் திருப்தி.

"சூப்பரா கீது. இப்ப இது பாப்பா கைக்கே வந்துச்சி பாரு" என்றான். என்னைப் பாராட்டத்தான் அப்படிச் சொன்னான். நானும் பெருமையாக அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா கூடை கழுவுவதை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். குனிந்து பார்த்தாள். அகலமாக இருந்த அந்தக் கறுப்புக்கு நடுவில், சின்னதாக, இன்னும் அழுத்தமாக வேறொரு கறுப்பு படிந்திருந்தது. பழையதன் ஓரங்கள் மங்கித் தேன் நிறத்தோடு கலந்துபோயிருந்தன.

"இதுல அவனுது எது?" என்று கேட்டாள்.

தோஸ்துக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். "ரெண்டும் ஒண்ணாயிருச்சிம்மா. இனிமே பிரிக்க முடியாது" என்றான்.

அம்மா கையைத் துடைக்கக்கூட இல்லை. மீன் தண்ணீர் சொட்டச் சொட்ட அந்த இடத்தில் கையை வைத்து இறுகப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் இருந்தவரை ஒரு நாளும் அவள் அதைத் தொட்டதில்லை. எனக்குப் பதறிப்போயிற்று. "யம்மா, மீன் கை" என்றேன். அவள் கையை எடுக்கவில்லை. தோஸ்து செருப்பை மாட்டிக்கொண்டு சொல்லாமல் போய்விட்டான்.

கல்லறைத் திருநாளன்று மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். சாமியார் மைக்கில் ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு வந்தார். நடுவில் அண்ணன் பெயர் வந்தது. கோயில் முழுக்க அவன் பெயர் ஒலித்ததும் எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். பக்கத்தில் இருந்த பெண்ணை இடித்து, "எங்கண்ணன் பேரு" என்று சொன்னேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். அம்மா தலையில் போட்டிருந்த முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா உடை மாற்றக்கூட இல்லை. "அந்த சீட்ட எறக்கு" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுத்து வந்தார். கடல் காற்றில் போல்ட்டு துரு ஏறி இறுகிப்போயிருந்தது. தட்டித் தட்டி, எண்ணெய் விட்டுத்தான் அசைக்க முடிந்தது. சீட்டு கீழே இறங்கும்போது அது நின்றிருந்த இடத்தில் இரும்புக் குழாயில் ஒரு கோடு தெரிந்தது. அப்பா அதைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஸ்டாண்டை எடுத்துவிட்டது அம்மாதான்.

"போ. ஓட்டிக்கினு வா."

"கை கழுவல யம்மா."

"பரவால்ல போ" என்றாள்.

அம்மா என் அண்ணனுக்காகக் காத்திருப்பதை நிறுத்திய நாள் அது. எனக்கு இப்போது அது தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் சைக்கிள் ஒரு வழியாக ஸ்டாண்டை விட்டு இறங்கியது மட்டும்தான். கொஞ்சம் தடுமாறிவிட்டு நேராகிவிட்டேன். சந்து முனை வரைக்கும் போய், எதிர்வீட்டுப் பையன் பார்க்கும்படி மணி அடித்துத் திரும்பி வந்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் என் வாழ்நாளில் இருந்ததில்லை. அம்மா வாசல்படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதுகொண்டிருந்தாள். நான் கீழே விழுந்துவிடுவேனோ என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன். "வுழ மாட்டேம்மா, பயப்படாத" என்று கத்திக்கொண்டே இன்னொரு சுற்று போனேன்.