சின்னத்துரையின் தமிழ்ப் பாடம்

பிற்பகல் நாலரை மணிக்கு, பள்ளிக்குப் போன மகள் இன்னும் வீடு திரும்பவில்லை என்று மனைவி நான் வேலை பார்த்த தேயிலைத் தோட்ட ஆபீசுக்கு ஓடிவந்தாள். மலை முழுக்க மூடுபனி. பெயர் சொல்லிக் கத்தித் தேடினோம், பதிலே இல்லை.

இருட்டும் வேளையில் மகள் சின்னத்துரையோடு வந்தாள். தோட்டத்து உதவி மேனேஜரான அவர், சீமையிலிருந்து புதிதாக வந்த நெட்டை மனிதர். துரைமார் எழுதியாக வேண்டிய தமிழ்ப் பரீட்சைக்காக, நடக்கும்போதெல்லாம் “போனேன், போறேன், போவேன்” என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போவார்.

“புதுக்குடையத் தொலச்சிட்டேன்பா. ஏசுவீங்கன்னு தேயிலைக்குள்ள ஒளிஞ்சிருந்தேன். இவரு ‘நாளைக்குப் போனேன்’னு சொல்லிக்கிட்டே போனாரு. பொறுக்கல, திருத்திக்கிட்டே பின்னால வந்துட்டேன்.”

சின்னத்துரை தொப்பியைக் கழற்றினார்.

“டீச்சரம்மா என்னை ரொம்ப ஏசினாங்க. நீங்க அவங்களை ஏசாதீங்க.”