கரி அணைந்தால் காத்திருப்பார்கள்

யுத்த காலம். பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட, எங்கள் பக்கத்துப் பஸ்கள் கரியில் ஓடின. வண்டியின் முதுகில் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பு இருக்கும். கண்டக்டர் விசிறியைச் சுற்றிச் சுற்றிக் கரியைக் கனிய வைத்தால்தான் என்ஜின் இருமவே ஆரம்பிக்கும்.

அப்படி ஒரு பஸ்ஸில், அமாவாசைக்கு மறுநாள் காலையில், விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு, மாமியார் வீட்டுக்குக் கிளம்பினோம். மனைவி கைக்குழந்தையோடு பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். எனக்கு டிரைவர் பக்கத்து முன்சீட்டு கிடைத்தது. மாப்பிள்ளைக்கு உரிய மரியாதை என்று நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் அந்த நெஞ்சு தொண்டைக்கு வந்துவிட்டது.

டிரைவரின் கண்கள் செக்கச்செவேலென்று இருந்தன.

"என்ன அண்ணே, கண்ணு நோவா?"

"நோவு இல்ல சார், தூக்கம். முந்தா நாள்லேர்ந்து மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாச சனத்த ஏத்தி எறக்கிக்கினே கீறேன். படுக்கவே இல்ல."

"இன்னிக்கு லீவு கேக்கறதுதானே?"

"கேட்டா வேற ஆளப் போட்டுக்குவாங்க. அப்புறம் தெனமும் தூங்கலாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. என்னவென்று பார்த்தால், மனிதர் கண்ணை மூடிவிட்டார். நான் அலறிய அலறலில் அவர் விழித்துக்கொண்டார். வண்டி மண்ணில் இறங்கி மறுபடி ரோட்டுக்கு ஏறியது. என் வலது கால், இல்லாத ஒரு பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது.

பின்னால் நெற்றி நிறையக் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்த பெரியவர் எனக்கு ஆறுதல் சொன்னார்: "ஏன் தம்பி கத்தற? ஆத்தா வேலையா போய்வந்த மனுசன். அவருக்கு ஒண்ணும் ஆவாது. அவ பாத்துக்குவா."

அங்காளம்மன் பார்த்துக்கொள்வாள், சரி. ஸ்டியரிங்கை யார் பார்ப்பது? அதைக் கேட்டால் நான் நாத்திகனாம். கேட்டேன், ஆக்கினார்கள்.

டிரைவரைப் பேச்சில் வைத்திருக்கலாமென்று எனக்குத் தெரிந்த வேடிக்கைக் கதைகளையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். அவர் தலை இன்னும் வேகமாகத் தொங்கியது. என் கதைகளின் தரம் எனக்கு அன்றுதான் புரிந்தது. அடுத்ததாக என் மூளைக்கு எட்டியது மூக்குப்பொடி. ஒரு சிட்டிகை கொடுத்தேன். வாங்கி உறிஞ்சியவர் இரண்டு கையையும் விட்டுத் தும்மினார். பஸ் ஒரு புளியமரத்தை உரசிக்கொண்டு போனது. தூக்கத்தில் சாவதற்குப் பதில் தும்மலில் சாக ஏற்பாடு செய்தவன் நான்தான். திரும்பிப் பார்த்தேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மனைவி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கேள்வியும் இல்லை, பயம்தான் இருந்தது.

கூட்டேரிப்பட்டில் ஆள் இறங்க வண்டி நின்றதும் குதித்து முன்னால் போய்க் கையை விரித்து நின்றேன்.

"டிரைவர் தூங்காம வண்டி நவுராது!"

கர்ஜனையாகத்தான் ஆரம்பித்தேன். கீச்சென்று வந்தது. ஜன்னல்களிலிருந்து ஆளாளுக்குக் கத்தினார்கள்.

"இவரு பயத்துக்கு நாம வெயில்ல காயணுமா?"

"கொழந்த கூட அழுவல, இந்த ஆளு அழுவுறாரு பாரு!"

"யோவ், ஜல்தியா ஏறுய்யா! பேஜாரு பண்ணிக்கினு!"

டிரைவரே இறங்கி வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "ஏறுங்க சார். எம் பொழப்புல மண்ணப் போட்டுடாதீங்க."

அவரைத் திட்ட வாய் வரவில்லை. என் கோபமெல்லாம் அந்த ஜன்னல்களில் தெரிந்த முகங்கள் மேல். ஒரு மனிதன் சற்று நேரம் கண்ணை மூட இத்தனை பேரில் ஒருவருக்கும் பொறுமை இல்லை.

இதற்குள் கண்டக்டர் சத்தமில்லாமல் பின்பக்கம் போயிருந்தார். புஸ்ஸென்று ஒரு சத்தம், புகை. அடுப்பில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு வந்து நின்றார்.

"கரி அவிஞ்சிடுச்சு! மறுபடி மூட்டணும். எல்லாரும் எறங்கிக்குங்க!"

ஒருவர் முணுமுணுக்கவில்லை. என்னைத் திட்டிய அத்தனை பேரும் சாதுவாக இறங்கி, மரத்தடியில் உட்கார்ந்து, வறுத்த மல்லாட்டைக் கடலையை உரிக்க ஆரம்பித்தார்கள். ஒரு அம்மாள் பஸ்ஸைப் பார்த்து உச்சுக் கொட்டினாள்: "பாவம், ராவும் பகலும் ஓடிக்கினே இருந்திருக்கு. அதுக்கும் ரெஸ்ட்டு வேணாமா?"

இரும்புக்கு! இரும்புக்கு இரக்கப்பட்டாள்! எனக்கு வந்த ஆத்திரத்தை அடுப்பில் போட்டிருந்தால் கரியே வேண்டியிருந்திருக்காது.

டிரைவர் சீட்டிலேயே சாய்ந்து, வாயைப் பிளந்து தூங்கினார். கண்டக்டர் ஈரக்கரியை அள்ளிக் கொட்டிவிட்டுப் புதுக்கரி போட்டு விசிறியைச் சுற்றினார். அவர் சுற்றிய வேகத்தில் வெந்நீர்கூடக் காய்ந்திருக்காது. டிரைவர் தானாக விழித்த பிறகுதான் அடுப்பு பற்றிக்கொண்டது. அதன்பின் திண்டிவனம் வரை வண்டி நேர்க்கோடாக ஓடியது.

திண்டிவனம் ஸ்டாண்டில் பஸ் முதலாளியின் ஏஜெண்ட் காத்திருந்தார்.

"ஏன்யா லேட்டு? கரியா? சரி சரி. மூஞ்சக் கழுவிக்கினு ஏறு. திரும்பற டிரிப்புக்கு சனம் ரெடி."

"மனுசனாய்யா நீ?" என்று பாய்ந்தேன். "ரெண்டு ராவா தூங்காத ஆளு. இப்ப கண்ணசந்தது எந்த மூலைக்கு? இத்தினி பேரு உசிரு..."

ஏஜெண்ட் வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு ஒதுக்கினார். "நீங்கதான் எறங்கிட்டீங்களே சார். இனிமே ஒங்களுக்கு இன்னா?"

ஏறிக்கொண்டிருந்தவர்களிடம் ஓடினேன். டிரைவருக்குத் தூக்கம், ஏறாதீர்கள் என்றேன். எனக்கு இடம் கிடைக்காத வயிற்றெரிச்சல் என்று நினைத்தார்களோ என்னவோ, இன்னும் முண்டிக்கொண்டு ஏறினார்கள். டிரைவர் முகம் கழுவிய தண்ணீர் சொட்டச் சொட்ட, என்னைப் பார்க்காமல் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

ஏஜெண்டின் சட்டையைப் பிடிக்கத்தான் போனேன். அவர் சட்டென்று விலகியதில் ஒரு பொத்தான்தான் அகப்பட்டது. அதை ரோட்டில் விட்டெறிந்தேன். அன்றைக்கு என் கோபத்தால் ஆனது அவ்வளவுதான். பஸ் அதற்குள் விழுப்புரம் ரோட்டில் திரும்பிவிட்டது.